ஈமோ, ஸ்க்ரீமோ: ஆப் காட்டாத பழைய பேண்டுகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

செம்பனைத்தோப்பு (சுங்கை சிப்புட்)

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஈமோ (மனசைக் கொட்டிப் பாடுற பங்க் இசை), அதோட கத்தல் வகையான ஸ்க்ரீமோ ரெண்டுலயும் அமெரிக்கன் ஃபுட்பால், சேட்டியா, ஆர்கிட், என்வி பேண்டுகள் வரைக்கும் கேட்டாச்சு. இதுக்கு மேல பாட்டு ஆப்ல எதைத் தட்டினாலும் அதே இருபது பேண்டுதான் சுத்திச் சுத்தி வருது. 1985 பக்கமும் போகணும், 90கள்ல ஒரே ஒரு ஏழங்குலத் தட்டு (சின்ன வினைல் ரெக்கார்டு) போட்டுட்டுக் கலைஞ்ச பேண்டுகளும் வேணும், அமெரிக்கா தாண்டின ஸ்க்ரீமோவும் வேணும்.

பேர்ப் பட்டியல் மட்டும் கொடுத்தா ஒரு மாசத்துல தீர்ந்துடும். நானே தேடிப் போற வழி வேணும். இன்னொண்ணு, பழைய பிளாக்குகள்ல இருக்கிற டவுன்லோடு லிங்க் எல்லாம் செத்துக் கிடக்கு. அதுக்கு என்ன செய்றது? தோட்டத்து லயத்துல லைன் ஒரு கோடுதான் நிக்கும். டவுனுக்குப் போற அன்னிக்கு மொத்தமா இறக்கி வச்சுக்கணும், அதனால எந்த ஃபார்மட்னும் சொல்லுங்க.

---

ஏழங்குலம்

தம்பி, இந்த இசையில் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு வழி சொல்லும். வழி பாட்டில் இருக்காது, உறைக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கும். ஃபோட்டோகாப்பி எடுத்து நான்காய் மடித்த ஒற்றைத் தாள். ஒரு பக்கம் வரிகள், மறுபக்கம் ஓரத்தில் பொடி எழுத்தில் நன்றிப் பட்டியல். எந்த ஊரில் யார் வீட்டில் தங்கினார்கள், யார் வேனைக் கடன் கொடுத்தார்கள், எந்த பேண்டோடு மேடை ஏறினார்கள் என்று எல்லாம் அங்கே கிடக்கும். அதில் நீ கேள்விப்படாத பேண்டுப் பெயர் நிச்சயம் நாலைந்து தேறும். அடுத்து தேட வேண்டியது அவற்றைத்தான்.

தட்டுகளின் விவரம் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் தட்டின் பக்கத்தைத் திறந்து முன்னட்டையோடு நின்றுவிடாதே. எல்லாப் படங்களையும் புரட்டு, கடைசிப் படங்களில்தான் அந்தத் தாள் இருக்கும். படம் சின்னதாக இருந்து எழுத்து தெரியாவிட்டால், அதே தட்டின் மற்றப் பதிப்புகளின் பக்கங்களையும் பார். வேறு யாராவது தெளிவாக எடுத்துப் போட்டிருப்பார்கள்.

பெயர் கிடைத்ததும் மூன்று நூலைப் பிடித்துப் போகலாம்.

முதல் நூல் ஆட்கள். பேண்டுகள் இரண்டு வருடத்தில் கலைந்துவிடும், ஆட்கள் வாசிப்பதை நிறுத்தமாட்டார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் கலைந்து அதில் இருவர் ஃபுகாஸிக்குப் போனார்கள். சேட்டியா உடைந்து ஆஃப் மைனர், ஹாட் கிராஸ் என்று இரண்டு பக்கம் போனது. ஆர்கிட்டின் கித்தார்காரர் ஆம்பியரில் வாசித்தார். சிகாகோவின் கேப்'ன் ஜாஸ் 1995இல் கலைந்தபின் அதன் ஆட்கள் ப்ராமிஸ் ரிங், ஜோன் ஆஃப் ஆர்க், அமெரிக்கன் ஃபுட்பால் என்று பிரிந்தார்கள். உனக்குப் பிடித்த பேண்டில் டிரம் அடித்தவர் பெயரைத் தட்டிப் பார். டிரம்மர்கள்தான் ஒரே சமயத்தில் மூன்று பேண்டில் இருப்பவர்கள்.

இரண்டாவது லேபிள், அதாவது தட்டை வெளியிடும் நிறுவனம். இதில்தான் சரக்கு அதிகம். டிஸ்கோர்டு வாஷிங்டன் டிசி ஊரோடு நிற்கும். கிராவிட்டி 1991இல் சான் டியாகோவில் தொடங்கியது. ஹெராயின், ஆன்டியாக் ஆரோ, மோஹிண்டர் மூன்றும் அங்கே. கலிஃபோர்னியாவின் எபுல்லிஷனில் போர்ட்ரெய்ட்ஸ் ஆஃப் பாஸ்ட், ஆர்கிட். நியூயார்க்கின் லெவல் பிளேனில் சேட்டியாவின் தொகுப்பு, சிட்டி ஆஃப் கேட்டர்பில்லர், ஹாட் கிராஸ். அதே லேபிள்தான் டோக்கியோவின் என்வியையும் பிரான்சின் அமாண்டா வுட்வர்டையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. லேபிள் பக்கத்தில் வெளியீட்டு எண் வரிசையில் அடுக்கி, 1இலிருந்து 30 வரை ஒவ்வொன்றாகக் கேள். நடுவில் நீ எங்கும் பார்த்திராத பெயர் வரும். அந்த லேபிளை நடத்தியவர் காசு போட்டு அச்சடித்த அளவுக்கு அது அவருக்கு முக்கியமாக இருந்தது என்று அர்த்தம்.

மூன்றாவது ஸ்பிளிட். ஒரு பக்கம் ஒரு பேண்டு, மறுபக்கம் இன்னொன்று. பேர் வாங்கிய பேண்டின் மறுபக்கம் யார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனால் ஐந்தாவது தாவலில் வேறு நாட்டில் இருப்பாய். ஆம்பியருக்கும் லியோனின் டைட்ரோவுக்கும் ஒரு ஸ்பிளிட் உண்டு. டைட்ரோவுக்கும் துலூஸின் செட் நொன் சாசியாட்டாவுக்கும் ஒன்று. இரண்டே தாவல், மாசசூசெட்ஸிலிருந்து பிரான்சின் தெற்குக் கோடி. ஆர்கிட்டும் ஜெரோம்ஸ் ட்ரீமும் சேர்ந்து போட்டது மண்டையோட்டு வடிவில் வெட்டிய பத்தங்குலத் தட்டு. அதைத் தானியங்கி டர்ன்டேபிளில் வைக்கக்கூடாது. ஊசி வைத்த கை தானாக விளிம்பில் இறங்கும் இடத்தில் தட்டே இருக்காது, ஊசி கீழே விரித்த மேட் விரிப்பில் போய் இடிக்கும்.

எபுல்லிஷன்காரர் 1994இலிருந்து 2006 வரை ஹார்ட்டட்டாக் என்ற இதழும் நடத்தினார். விமர்சனத்தைவிட அதில் வந்த சின்ன விளம்பரங்களைப் படி. அரைப்பக்க விளம்பரம் எடுக்க வழியில்லாத லேபிள்கள் அந்த மூலையில்தான் இருக்கும்.

---

லயத்துக்குரல்

ஏழங்குலம் அண்ணன் சொன்ன முறை சரி. ஆனா தம்பி, 1985லேருந்து வரிசையா வந்தா பாதியிலே சலிச்சுப் போவே. ஆர்கிட் கேட்ட காதுக்கு டிசியின் முதல் அலை வெறும் பங்க் மாதிரிதான் படும். பின்னாடியிலிருந்து முன்னாடி போ.

1998லேருந்து 2002க்குள்ள நில்லு முதல்ல. பிஜி நைன்டி நைன், மெஜாரிட்டி ரூல், சிட்டி ஆஃப் கேட்டர்பில்லர் மூணும் விர்ஜினியா. ரிவர்சல் ஆஃப் மேன் ஃபுளோரிடா. நீல் பெர்ரி, யூ அண்ட் ஐ ரெண்டும் நியூஜெர்சி. இது காதுல பழகினதும் 1993, 94க்கு இறங்கு. ஓக்லண்டின் இந்தியன் சம்மர்தான் அங்கே வாசப்படி. மெதுவா முணுமுணுத்துக்கிட்டே வந்து திடீர்னு உடையும், பின்னால ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தோட பழைய பதிவு கரகரன்னு ஓடிக்கிட்டிருக்கும். தட்டுல தகவலே போடாத பேண்டு. 2019ல நியூமரோ குரூப் மறுபதிப்பு போட்டதால இப்ப சுலபமா கிடைக்குது. அதே நியூமரோ 2023ல ஆர்கன்சாவின் எவ்ரிஒன் ஆஸ்க்ட் அபவுட் யூவையும் தூக்கிவிட்டுச்சு. கத்தல் இல்லாத, மனசு வெளியே தெரியிற ஈமோ வேணும்னா அது.

அங்கேருந்து மாஸ் ஐகான். மேரிலாண்டு அனாபொலிஸ் ஊர். 1980களோட கடைசியிலேயே நீளமான பாட்டு, பேச்சு, முணுமுணுப்பு, கத்தல் எல்லாம் ஒரே பாட்டுல வச்சுட்டாங்க. 90களின் பேண்டுகள் எதைக் கேட்டு வளர்ந்ததுன்னு இங்கே புரியும். 2012ல டெம்பரரி ரெசிடென்ஸ் மொத்தத் தொகுப்பு போட்டுச்சு. என்வியும் அதே லேபிள்ல இருந்ததைக் கவனி, அண்ணன் சொன்ன லேபிள் நூல் இதுதான்.

கடைசியா 1985. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் தட்டு டிஸ்கோர்டின் 16ஆவது வெளியீடு, ஆர்லிங்டன்ல இன்னர் இயர் ஸ்டுடியோவுல பதிவு பண்ணது. இந்த நேரத்துல கேட்டா அந்தக் குரல் எங்கே உடையுது, ஏன் உடையுதுன்னு காது தானே பிடிக்கும். கூடவே ஃபயர் பார்ட்டி கேளு. நாலு பேரும் பெண்கள், டிசியேதான். இந்த வரலாறு சொல்றவங்க பல பேர் அவங்களை விட்டுட்டுப் போயிடுறாங்க, அது தப்பு.

ரேட் யுவர் மியூசிக் தளத்துல சார்ட் பக்கம் இருக்கு. வகை ஸ்க்ரீமோ, இல்லன்னா எமோவயலன்ஸ் (அதோட இன்னும் வேகமான, முரட்டுக் கிளை). வருஷத்தை 1996ன்னு ஒண்ணே ஒண்ணு வை. மேல டாப்னு இருக்கிறதை எசோடெரிக்னு மாத்து. மதிப்பெண் நல்லா இருந்து, கேட்டவங்க எண்ணிக்கை கம்மியா இருக்கிறது மேல வரும். வருஷத்துக்கு ஒரு பக்கம்னு போனா, ஒரு வாரத்துல பத்து வருஷம் முடிச்சிடலாம்.

---

மஞ்சள்கோட்டு

மற்ற நாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை, பிறகு தேடலில் ஏமாறும் இடங்கள்.

இத்தாலியில் ஃபோர்லி என்ற ஒரே ஊரிலிருந்து ராயின், லா குயியெட்டே இரண்டும் வந்தன. லா குயியெட்டேயின் 2004 ஆல்பம் கொஞ்ச நேரத்துக்குள் கித்தார் மெட்டு, கத்தல், ஓட்டம் எல்லாவற்றையும் வைத்துத் தைத்தது. ஐரோப்பாவுக்குள் நுழைய அதைவிட நல்ல கதவு இல்லை. பிரான்சில் டைட்ரோவின் 2005 ஆல்பம். ஜெர்மனியில் ஜூன் பைக், லூயிஸ் சைஃபர். சுவீடனில் சுவி லா லூன். ஜப்பானில் என்விக்குப் பிறகு ஹெவன் இன் ஹர் ஆர்ம்ஸ், கில்லி. நம் நாட்டில் உத்தாரித், டைகிலா. இவற்றைத் தெரியாமல் ஃபோர்லிக்குப் போகாதே.

பெயரால் வரும் தொல்லை பெரிது. உத்தாரித் என்றால் மலாயில் புதன் கோள். பெயரை மட்டும் தட்டினால் வானியல் பாடம்தான் வரும். ஹெராயின், கரண்ட், ஜூலியா, எவர்கிரீன் எல்லாம் இதே கதி. ஆர்கிட் என்ற பெயரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு டூம் (மெதுவான, கனத்த மெட்டல்) பேண்டும் உண்டு, ஆப்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் குழப்பிப் போடும். பேண்டுப் பெயரோடு ஊர் அல்லது லேபிள் பெயரைச் சேர்த்துத் தட்டு. டிஸ்காக்ஸ் ஒரே பெயர் கொண்ட பேண்டுகளுக்குப் பின்னால் அடைப்புக்குள் ஓர் எண் போட்டுப் பிரிக்கும், அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள். எழுத்துக்கூட்டலும் முக்கியம். சேட்டியாவை எஸ், ஏ, இ, டி, ஐ, ஏ என்றே தட்டவேண்டும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தட்டில் உள்ள ஒரு பாட்டின் பெயரைத் தவறாக எழுதியதில் வந்த பெயர் அது. கடைசிக்கு முந்தைய 'ஐ' விட்டுப்போனால் ஸ்பெயின் நாட்டுப் பக்திப் பாட்டுகள் வந்து நிற்கும்.

பேண்டுகள் தங்கள் பாட்டை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்துக்குக் கீழே, வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். ஐம்பது பேர் மட்டும் வாங்கிய ஸ்க்ரீமோ டெமோ ஒன்றைத் தேர்ந்தெடு. அதில் ஒருவரின் படத்தைத் தட்டினால் அவருடைய முழுச் சேகரிப்பும் திறக்கும். உனக்குப் பிடித்த மூன்று பேண்டு அவரிடமும் இருந்தால் அந்த ஆளைப் பின்தொடர். ஆப்பின் கணக்கைவிட அவருடைய ரசனையை நம்பலாம். பல பேண்டுகள் விலையை உன் இஷ்டத்துக்கு விட்டிருக்கும். சுழியம் போட்டும் இறக்கலாம், ஆனால் இரண்டு மூன்று வெள்ளியாவது போடு, அவர்கள் அடுத்த கேசட் அடிக்க அதுதான் முதல்.

தட்டையே வரவழைப்பதானால்: பதிவு செய்த வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் 500 ரிங்கிட்டுக்கு மேல் போகாத பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி சேரும். ஒரு ஏழங்குலத் தட்டைத் தனியாக வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டிவிடும். ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து சேர்த்து எடு.

---

நாடாச்சுருள்

செத்த லிங்க், ஃபார்மட் இரண்டுக்கும் நான் எழுதுகிறேன்.

கோப்பு ஏற்றி வைக்கும் மெகாஅப்லோட் தளம் 2012 ஜனவரியில் மூடப்பட்டது. அதற்கு முந்தைய பிளாக் லிங்குகளில் பல அன்றே போயின. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த பிளாக் பக்கத்தைத் திறந்தால் கோப்பு வராது, ஆனால் பாட்டுப் பட்டியலும் பேண்டைப் பற்றி எழுதிய பத்தியும் கீழே வந்த கருத்துகளும் வரும். கருத்துகளை விடாமல் படி. "இந்த பேண்டின் பழைய டெமோ" என்று யாராவது எழுதியிருப்பார்கள். பெயர் கிடைத்ததும் முதலில் பேண்ட்கேம்ப், அடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவ், இரண்டிலும் இல்லாமல் அச்சிலும் இல்லையென்றால் மட்டும் சோல்சீக், ஆட்கள் ஒருவருக்கொருவர் கோப்பு பகிரும் வலை. அதற்கு நிக்கோட்டின் பிளஸ் என்ற இலவச மென்பொருள் போதும். நீயும் ஒரு ஃபோல்டரையாவது பகிர்ந்து வை, பகிராதவர்களைப் பலர் தடுத்து வைத்திருப்பார்கள். கோப்பு கிடைத்த ஆளின் முழுப் பகிர்வையும் திறந்து பார். அரிதான டெமோ ஒன்று வைத்திருப்பவரிடம் அதன் அண்டை அயலும் இருக்கும்.

அளவுக் கணக்கு: 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஸ்க்ரீமோ ஆல்பம் சராசரி 20 நிமிடம் என்று வைத்தால் 48 எம்பி, ஒரு ஜிபிக்கு இருபது ஆல்பம். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டவுனில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் 320இல் எடுத்து வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததை மட்டும் அடுத்த முறை ஃபிளாக்கில் இறக்கு.

ஃபிளாக் என்று எழுதியிருப்பதெல்லாம் ஃபிளாக் ஆகாது. ஸ்பெக் மென்பொருளில் கோப்பைப் போட்டால் அலைவரிசைப் படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நேர்கோட்டில் நின்றால் அது 128 எம்பி3யை ஃபிளாக் சட்டைக்குள் போட்டது. 20 அருகே வெட்டினால் 320. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பேண்டுகளில் பல நான்கு டிராக் கேசட்டில் பதிவு செய்தவை, மேல் ஒலி இயல்பாகவே 14, 15இல் தேய்ந்துவிடும். அதைப் பார்த்துப் போலி என்று தூக்கிப் போடாதே. தேய்வு படிப்படியாக மங்கி, மேலே நாடாவின் இரைச்சல் மெல்லிய புகைபோல் தொடர்ந்தால் அது அசல். நேர்கோடும் அதற்கு மேல் கறுப்பும் மட்டும் இருந்தால்தான் போலி.

ஸ்பிளிட் தட்டுகளில் பக்கம் மாறிப் பெயர் போட்டிருப்பது சர்வ சாதாரணம். தாளில் உள்ள வரிகளின் முதல் இரண்டு சொல்லைக் காதால் பிடித்துச் சரிபார்த்தால் தெரிந்துவிடும்.

---

செம்பனைத்தோப்பு

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். கேசட் வாங்கினா நம்ம சூட்டுக்குத் தாங்குமா? அப்புறம், இப்ப இறக்கின ஒரு ஏழங்குலத் தட்டோட ஏ பக்கம் ஒரே கோப்பா 5:24 வருது. டிஸ்காக்ஸ்ல ஏ பக்கத்து ரெண்டு பாட்டும் சேர்த்து 4:00தான் போட்டிருக்கு. பாட்டு ஏதாவது கூடுதலா இருக்கா?

---

நாடாச்சுருள்

கேசட் முதலில். வாங்குவதற்கு முன் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் தட்டையான பக்கத்தை டார்ச் அடித்துப் பார். பழுப்பு ஒரே சீராகப் பளபளக்க வேண்டும். வெள்ளைப் பொட்டு பொட்டாக, மாவு தூவினாற்போல் இருந்தால் அது பூசணம். ஓடவிடாதே, பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் ஏறும். இன்னொரு பழுது, நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு. சூட்டில் பசை காய்ந்து கழன்று விழுந்திருக்கும். ஒலி அடைத்த மாதிரி வந்து வந்து போனால் பெரும்பாலும் இதுதான். நாலு அல்லது ஐந்து ஸ்க்ரூ வைத்த கூடாக இருந்தால் பயமில்லை, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கூட்டைப் பிளந்துதான் எடுக்கவேண்டும். தகரக் கூரைக்கு நேர் கீழே அலமாரி வைக்காதே. மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு நிறுத்தி வை. பத்து இருபது மணி நேரம் ஓடியதும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடை.

5:24க்கு வருகிறேன். கூடுதல் பாட்டு எதுவும் இல்லை. 324 விநாடியை 240ஆல் வகுத்துப் பார், 1.35 வரும். 45ஐ 33⅓ஆல் வகுத்தாலும் அதே 1.35. 45இல் சுழலவேண்டிய தட்டை 33இல் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். இந்த இசையில் இந்தத் தவறு பல வருடம் கண்டுபிடிக்கப்படாமல் சுற்றும், ஏனென்றால் கத்தல் குரல் தாழ்ந்தாலும் கத்தலாகவே கேட்கும். பேசும் இடத்தைக் கேள், ஆள் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல இழுக்கும். சிம்பல் அடித்தபின் ஒலி அடங்க நேரமெடுக்கும்.

ஒலி திருத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் திற. முழுவதையும் தேர்ந்தெடு. எஃபெக்ட்டில் வேகத்தை மாற்றும் கருவி இருக்கிறது, புதிய பதிப்பில் அதன் பெயரில் பிட்சும் சேர்ந்திருக்கும். அதில் வினைல் வேகம் என்ற இடத்தில் 33⅓இலிருந்து 45க்கு என்று கொடு. விழுக்காடு 35.000 என்று தானே வந்து நிற்கும். டெம்போ மட்டும் மாற்றும் கருவியை எடுத்துவிடாதே, வேகம் சரியாகும், சுருதி தாழ்ந்தே இருக்கும். முடித்ததும் நீளம் 4:00 அருகே வரவேண்டும். எம்பி3 கோப்பாக இருந்தால் மாற்றியதை ஃபிளாக்கில் சேமி, மறுபடி எம்பி3 ஆக்கினால் இரண்டாம் முறை நசுங்கும்.

---

ஏழங்குலம்

பி பக்கத்தையும் தனியாக அளந்து பார் தம்பி. ஒரு பக்கம் 45, மறுபக்கம் 33 என்று வெட்டிய ஏழங்குலத் தட்டுகள் உண்டு, ஸ்பிளிட்டுகளில் இன்னும் அதிகம். ஒரு பக்கத்தில் 45இல் நாலைந்து நிமிடம்தான் நல்லபடியாகக் கொள்ளும், நீளமான பாட்டு கொடுத்த பேண்டுக்கு 33. லேபிள் ஸ்டிக்கரில் வேகம் அச்சிடாமல் விட்டிருந்தால் டிஸ்காக்ஸ் பக்கத்தில் குறிப்புப் பகுதியைப் பார். ஏ பக்கத்துக் கணக்கை அப்படியே பி பக்கத்துக்கும் போட்டால் சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவாய்.